ஐந்தாவது இலவச இரவு

"நல்ல செய்தி" என்று தலைப்புப் போட்டு ஒரு மின்னஞ்சல் வந்தாலே, இந்த முறை எதை நிறுத்தினார்கள் என்று டேரல் கிம்பிள் தேடுவான். இருபது வருடத்துக்கும் மேலாக அவன் லார்க்வுட் ஓட்டல்களின் விசுவாச உறுப்பினன். காலைச் சாப்பாட்டில் பன்றி இறைச்சியை நிறுத்தியபோதும் அவர்கள் நல்ல செய்தி என்றுதான் எழுதினார்கள். தினமும் துண்டு மாற்றமாட்டோம் என்றபோதும் நல்ல செய்திதான், பூமிக்கு நல்லதாம். ஜனவரி மாதம் விஸ்கான்சினில் ஓர் ஓட்டல் சாப்பாட்டு அறையில், வாஃபிள் மெஷின் முன்னால் தட்டும் கையுமாக நின்றபோது அடுத்த நல்ல செய்தி கைப்பேசியில் வந்து விழுந்தது. "உங்கள் இலவச இரவுகளுக்கு இனி இன்னும் அதிகச் சுதந்திரம்!"

படித்து முடிப்பதற்குள் வாஃபிள் கருகிவிட்டது.

விஷயம் இதுதான். நிறைய இரவு தங்குகிறவர்களுக்கு லார்க்வுட் அவ்வப்போது ஓர் இலவச இரவுச் சான்றிதழ் கொடுக்கும். ஓட்டல்களைத் தரம் தரமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஐந்தாம் தரம் வரைக்கும் எந்த ஊரிலும், எந்த நாளிலும், அறை காலியாக இருந்தால் அந்தச் சான்றிதழைக் கொடுத்துவிட்டுக் காலை நீட்டலாம். இப்போது தரமெல்லாம் போய்விட்டது. ஒவ்வோர் ஓட்டலும் தினம் தினம், தங்கத் தங்கச் சேரும் பாயின்ட்டில் தனக்கு இத்தனை என்று தானே விலை வைத்துக்கொள்ளும், தக்காளி விலை மாதிரி. சான்றிதழுக்கு ஓர் உச்சவரம்பு. அதற்கு ஒரு பாயின்ட் மேலே போனாலும் செல்லாது. டேரல் நின்ற இடத்திலேயே அலபாமா கடற்கரை லார்க்வுட்டைத் தேடினான். மார்ச் மாதம், பள்ளிக்கூட வசந்த விடுமுறை. எல்லா இரவுகளும் உச்சவரம்பைப்போல இரண்டு மடங்கு காட்டின.

"என்ன தலைவரே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் யோலாண்டா ப்ரூயிட். ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டில் விற்பவள், அவனைப்போலவே வாரம் முழுக்க ஊர் ஊராக அலைகிறவள். ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் யார் எத்தனை தலையணை கேட்பார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

"மெயிலைப் பாத்தியா?"

"பாத்தேன். என்கிட்ட இருந்த ரெண்டையும் நவம்பர்லயே தீத்துட்டேன். சம்பாதிச்சமா, உடனே செலவழிச்சமான்னு இருக்கணும்ப்பா. உன்கிட்ட எத்தனை கிடக்கு?"

"அஞ்சு."

யோலாண்டா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "அஞ்சா! அடப்பாவி. என்ன முட்டையா அது, அடைகாக்கறதுக்கு?"

"ரோண்டாவைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன்."

"மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் பேச்சை மாற்றினாள்.

டேரலுக்குப் பால் தொழிற்சாலைகளில், அட்டைப்பெட்டியில் பால் நிரப்பும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. திங்கட்கிழமை இண்டியானாவில் ஃபோர்ட் வேன் நகரிலிருந்து கிளம்பினால் வெள்ளிக்கிழமைதான் வீடு. அவன் மனைவி ரோண்டா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையை நடத்துகிறாள். மகன் வேலை கிடைத்து டென்வர் போனபிறகு, வார நாளெல்லாம் வீட்டில் அவள் தனிதான். அவள் எதையும் பெரிதாகக் கேட்கிற ஆள் இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு பால்கனி. கம்பி மேல காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு கடலைப் பாத்துக்கிட்டே இருக்கணும். நான் யாருக்கும் சமைக்கக் கூடாது. உன்னை யாரும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான்."

அதைத்தான் டேரல் இரண்டு முறை கவிழ்த்திருந்தான். ஒரு வருடம் கிளம்புவதற்கு முதல் நாள் அயோவாவில் ஓர் இயந்திரம் மக்கர் செய்தது. அடுத்த வருடம் அவன் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாவது முறை ரோண்டா பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "மூணாவது தடவையும் இப்படி ஆச்சுன்னா, அப்புறம் நான் எங்கயும் வர்றதா இல்ல டேரல். உன்கூட வர்றதா இல்ல." கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் இவ்வளவு பயந்திருக்கமாட்டான். கடைக்குப் போகும்போது முட்டை வாங்கிவா என்பதுபோலச் சொன்னாள்.

அக்டோபரிலேயே அவன் கையில் நான்கு சான்றிதழ்கள் இருந்தன. அப்போதே மார்ச்சுக்குப் பதிவு போட்டிருந்தால் கடல் பார்த்த அறை கண்ணை மூடிக்கொண்டு கிடைத்திருக்கும். ரோண்டாவும் தலைதலையாக அடித்துக்கொண்டாள். "நாலு ராத்திரி போதும். இப்பவே போட்டுடு." டேரல் கேட்கவில்லை. போக ஒரு நாள், வர ஒரு நாள் கார் ஓட்டிவிட்டு நான்கு இரவு என்ன தங்கல்? ஐந்து இரவு என்றால்தான் விடுமுறை. ஐந்தையும் ஒரே பதிவாகப் போட்டால்தான் ஒரே அறை. இன்னும் கொஞ்சம் இரவுகள் தங்கினால் வருட முடிவில் ஐந்தாவது வந்துவிடும். கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்றான்.

டிசம்பர் பாதியில் பார்த்தால் மூன்று இரவு குறைந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் எந்தப் பால்காரனும் இயந்திரத்தைப் பிரிக்கவிடமாட்டான். இப்படிக் குறைந்தால் என்ன செய்வது என்று இப்படி ஓட்டல் இரவு சேர்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மெத்தை ஓட்டம் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். உள்ளூரிலேயே மலிவான கிளையாகப் பார்த்துக் கைக்காசைக் கட்டி அறை எடுப்பது, கணக்குக்காகப் படுத்துவிட்டு வருவது. வெளியாருக்குச் சொன்னால் பைத்தியமா என்பார்கள். இவர்களுக்குள் அது சாமர்த்தியம்.

ரோண்டாவிடம் மிச்சிகனில், கலமசூவில் வேலை என்று சொல்லிவிட்டு, டேரல் ஃபோர்ட் வேன் விமான நிலைய லார்க்வுட்டில் போய்ப் படுத்தான். வீட்டிலிருந்து கால் மணி நேரம்கூட ஆகாது. உண்மையைச் சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. இரண்டாம் நாள் குளிரில் வீட்டு நிலவறையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. ரோண்டா அவனைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு வெர்ன் கிழவரைத்தான் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவன் ஓட்டல் பாப்கார்னைக் கொறித்தபடி ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது நனைந்த பெட்டிகள் கார் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தன. "ஏன் கூப்பிடல?" என்று கேட்டான். "ரெண்டு மணி நேரம் தள்ளி இருக்கற ஆளைக் கூப்பிட்டு? பனில வண்டி ஓட்டிட்டு வந்து நீ எங்கயாவது விழுந்து வைக்கறதுக்கா?" என்றாள் ரோண்டா. டேரல் குறுகிப்போய், நனைந்த பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் போட்டான்.

ஐந்தாவது சான்றிதழ் ஜனவரி முதல் வாரம் வந்தது. அடுத்த வாரம் நல்ல செய்தி வந்தது. எல்லாச் சான்றிதழுக்கும் காலாவதி மார்ச் கடைசி.

அதற்குப் பிறகு டேரல் மனிதனாக இல்லை. இயந்திரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டே கைப்பேசியைப் பார்ப்பான். சிவப்பு விளக்கில் பார்ப்பான். சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது பார்ப்பான். ஏறுகிற விலை எப்போதாவது இறங்கும், இறங்கிய நொடியில் பிடித்துவிடலாம் என்பது யோலாண்டா கொடுத்த யோசனை. இதற்கு நடுவில் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். யார் எடுத்தாலும் முதலில், அதிக இரவு தங்கியவன் என்று கொடுத்த வைர உறுப்பினர் பட்டத்தைச் சொல்லி அவன் விசுவாசத்துக்கு நன்றி சொன்னார்கள். அதற்கே பாதி உயிர் போனது. ஒருவர், விதிவிலக்குக் கேட்டு மேலே அனுப்பியிருக்கிறேன், கவலையே படாதீர்கள் என்றார். அடுத்தவர், அப்படி யாரும் எதையும் அனுப்பவில்லையே என்றார். மூன்றாவது ஆள் உற்சாகமாக, அதே மாநிலத்தில் பர்மிங்ஹாமில் ஐந்து இரவும் கிடைக்கிறது சார் என்றார்.

"பர்மிங்ஹாம்லேருந்து கடல் எவ்வளவு தூரம் தம்பி?"

"ஒரு நாலு மணி நேரம் இருக்கும் சார். ஆனா நீச்சல்குளம் இருக்கு!"

பிப்ரவரி கடைசியில், விடுமுறை வாரத்துச் செவ்வாய்க்கிழமை இரவின் விலை மட்டும் உச்சவரம்புக்குக் கீழே இறங்கியது. டேரல் பாய்ந்து பிடித்தான். இரண்டு நாள் கழித்து அதே வாரத்து வியாழக்கிழமை இரவும் சிக்கியது. மீன் பிடித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்து சொன்னான்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் ரோண்டா. "செவ்வாய் கட்டில்ல. வியாழன் கட்டில்ல. புதன் எங்க, கார் டிக்கிலயா? திங்கக்கிழமை மணல்ல குழி தோண்டிப் படுத்துக்கலாமா?"

"மீதியும் இறங்கும். இரு."

"டேரல், காசு குடுத்துப் போடேன். இல்ல பக்கத்துல ஏதாவது சின்ன மோட்டலாப் பாரு. எனக்கு ஓட்டல் வேணாம்ப்பா, கடல்தான் வேணும்."

"காசு குடுத்தா? நானா? இருபது வருஷம் அவனுக்குத் தூங்கிக் குடுத்திருக்கேன். இப்ப காசு குடுத்துப் போய்ப் படுத்தா என்னை மாதிரி இளிச்சவாயன் உண்டா?"

மார்ச் இரண்டாம் வாரம் மோட்டல்களும் நிரம்பிவிட்டன. பாதி இண்டியானா அந்த விடுமுறைக்குத் தெற்கே ஓடும் என்பது டேரலுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அவனுக்கு இப்போது கடல் மறந்துபோய்விட்டது. லார்க்வுட்டிடம் தோற்கக்கூடாது என்பது மட்டும்தான் மண்டையில் நின்றது.

பள்ளி மூடிய வெள்ளிக்கிழமை வந்தது. ரோண்டாவின் பெட்டி காலையிலிருந்தே வாசல் கதவருகில் நின்றது. மேலே அகலமான வைக்கோல் தொப்பி. "ஒரே ஒரு போன் கால். இன்னைக்கு முடிச்சுடறேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தான். நாளை விடிந்ததும் கிளம்புவதாகத் திட்டம். சமையலறை மேஜையில் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் காத்திருப்புச் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டே சாண்ட்விச் தின்றான். ரோண்டா தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசியில் கோர்ட்னி என்ற பெண் எடுத்தாள். குரலில் தேன் ஒழுகியது.

"மிஸ்டர் கிம்பிள், உங்க விசுவாசத்துக்கு..."

"அதை விடும்மா. கதையைக் கேளு." அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவளும் பொறுமையாகக் கேட்டாள். விசைப்பலகை தட்டும் சத்தம் வந்தது.

"சார், செவ்வாயும் வியாழனும் இருக்கு. மத்த நாளுக்கு சர்டிபிகேட் செல்லாது. ஓட்டலே நிரம்பிடுச்சு சார், காசு குடுத்தாலும் ரூம் இல்ல."

"நான் இதை வாங்கினப்ப இந்த விதியே இல்லையேம்மா."

"புரியுது சார். ஆனா விதிமுறைகள் மாறலாம்னு விதிமுறைலயே போட்டிருக்கு."

"போட்டிருக்கும்! நான் எதை நம்பித் தங்கினேன்?"

"உங்க ஏமாற்றம் எனக்குப் புரியுது சார். இந்தப் புது முறைல உங்களுக்கு இன்னும் அதிகச் சுதந்திரம்..."

சுதந்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் டேரலுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு மாத எரிச்சலும் ஒன்றாகத் திரண்டு வந்தது. சாண்ட்விச்சைத் தட்டில் எறிந்தான்.

"சுதந்திரமா? கேளும்மா, உன் ஓட்டலுக்காக நான் என்னெல்லாம் பண்ணியிருக்கேன்னு கேளு! அந்த அஞ்சாவது சர்டிபிகேட்டுக்காக, சொந்த வீடு கால் மணி நேரத்துல இருக்கறப்ப, சொந்தக் கட்டிலை விட்டுட்டு, டிசம்பர் குளிர்ல ஏர்போர்ட் ஓட்டல்ல போய் மூணு ராத்திரி நாய் மாதிரிப் படுத்தேன்! என் காசைக் கட்டிப் படுத்தேன்! எவனாவது பண்ணுவானா? சொல்லு!"

தொட்டியில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"எந்த ஏர்போர்ட்?" என்றாள் ரோண்டா.

டேரல் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

"உன்னைத்தான் கேக்கறேன். எந்த ஏர்போர்ட்?"

"நம்ம ஏர்போர்ட்தான்."

"டிசம்பர்ல நீ கலமசூல இருந்த."

"ரோண்டா, அஞ்சாவது ராத்திரிக்காக... நமக்காகத்தான்..."

"குழாய் வெடிச்ச அன்னைக்கு?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ரோண்டா கையைத் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். "வெர்ன் அந்த இடுப்பை வெச்சுக்கிட்டு, அந்த வயசுல, என் நிலவறைப் படில ஒவ்வொண்ணா இறங்கினாரு. நான் டார்ச் அடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு விழுந்தா என்ன பண்றதுன்னு நடுங்கிக்கிட்டே நின்னேன். பாவம் டேரல், அங்க தனியா என்ன சாப்பிட்டானோன்னு அப்பவும் நினைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"தப்புதான். தப்புதான்டி. அந்தக் கணக்கு எப்படியாவது..."

"கணக்கா? நீ வெளிய படுத்த ஒவ்வொரு ராத்திரியும் நான் இங்க தனியாப் படுத்தேன். உனக்கு அவன் வைரம் குடுத்தான். எனக்கு யாரு என்ன குடுத்தா?"

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது மேஜையிலிருந்து தேன் குரல்.

டேரல் கையை நீட்டுவதற்குள் ரோண்டா கைப்பேசியை எடுத்துக்கொண்டாள்.

"அவரோட மனைவி பேசறேன். இந்த சர்டிபிகேட் ஃபோர்ட் வேன் ஏர்போர்ட் ஓட்டல்ல செல்லுமா?"

"ஒரு நிமிஷம் மேடம்... தாராளமாச் செல்லும்! எல்லா நாளும் உச்சவரம்புக்குள்ளதான் இருக்கு. எப்பலேருந்து வேணும்?"

"இன்னைலேருந்து. அஞ்சு ராத்திரி. அந்தச் செவ்வாய் வியாழனைத் தூக்கிப் போட்டுடு."

"பண்ணிடறேன். எத்தனை பேர் மேடம்?"

"ஒரு ஆள்."

"ரோண்டா" என்றான் டேரல். அவள் காதில் விழாததுபோல ஜன்னலைப் பார்த்தாள்.

"கணக்கு சார் பேர்ல இருக்கறதால அவர் வாயால சரின்னு சொல்லணும் மேடம். அப்புறம் இன்னொரு விதி. கவுன்ட்டர்ல உறுப்பினர் நேர்ல வந்து அட்டையைக் காட்டணும்."

"வருவாரு. சாவியை வாங்கிக் குடுத்துட்டுப் போயிடுவாரு." அவள் கைப்பேசியை அவன் வாய்க்கு நேராக நீட்டினாள். அவள் கண் சிவந்திருந்தது.

"சரி" என்றான் டேரல்.

ஐந்து இரவும் ஒரே பதிவாக, ஒரே அறையாக விழுந்தது. இந்த இரண்டு மாதத்தில் இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் நடந்து அவன் பார்க்கவில்லை. கோர்ட்னி இருவருக்கும் இனிய வசந்தம் சொல்லி விடைபெற்றாள்.

போகிற வழியில் அவன் மூன்று முறை பேச்செடுத்தான். கடலுக்கு நேரே கிளம்பிவிடலாம், வழியில் எங்காவது காரிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றான். எவ்வளவு கேட்டாலும் கொடுத்து ஏதாவது வீட்டை வாடகைக்குப் பிடிக்கிறேன் என்றான். ரோண்டா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வயல்களைப் பார்த்தபடி வந்தாள். மூன்றாவது முறைதான் பதில் சொன்னாள். "அக்டோபர்ல சொன்னேன். போன மாசம் சொன்னேன். உனக்கு நான் வேணுமா, அந்த அஞ்சு வேணுமான்னு நீதான் பாத்துக்கிட்ட."

கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு அவனை நன்றாக நினைவிருந்தது. "மிஸ்டர் கிம்பிள்! மறுபடியும் எங்ககிட்டயா! இந்த ஓட்டலை உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். வைர உறுப்பினருக்கு உரிய இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்து வைத்தாள். "ரன்வே பாத்த ரூம் ஒண்ணு இருக்கு, பார்க்கிங் பாத்த ரூம் ஒண்ணு இருக்கு. எது வேணும் சார்?"

"ரன்வே" என்றாள் ரோண்டா.

"சாவி ரெண்டா?"

"ஒண்ணு போதும்."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அட்டைச் சாவியை நீட்டினாள். டேரல் கையெழுத்துப் போட்டான். பெட்டியை அவன் எடுக்கப் போக, ரோண்டா எடுத்துக்கொண்டாள். ஒரு தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் எடுத்துப் பையில் போட்டாள்.

"நானும் இருக்கேனே ரோண்டா. சோபாவுல படுத்துக்கறேன்."

"உனக்கு வீடு இருக்கு டேரல்."

"அப்ப... புதன்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போகட்டுமா?"

"தெரியல. புதன்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு."

லிஃப்ட் கதவு மூடியது. அகலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவள் உள்ளே திரும்பி நின்றதுதான் அவன் கடைசியாகப் பார்த்தது.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. வெர்ன் தன் வாசலிலிருந்து கையை உயர்த்தி, "என்னப்பா, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டார். டேரல் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தான். எந்த ஊரிலிருந்து, எந்த நேரத்தில் வந்தாலும் இந்த வீட்டில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உள்ளே இருந்து யார் என்று ஒரு குரல் வரும். இன்று வரவில்லை. பசித்தது. குளிர்பெட்டியைத் திறந்தான். ஊருக்குப் போகிறோம் என்று ரோண்டா பாலிலிருந்து கீரை வரை எல்லாவற்றையும் காலி செய்து, தட்டுகளைத் துடைத்து வைத்திருந்தாள். கடுகுப் பாட்டில் ஒன்றுதான் இருந்தது.

குளிர்பெட்டியின் கதவை மூடினான். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ அறைகளில் தனியாகப் படுத்திருக்கிறான். இந்த வீட்டில் ஒருநாள்கூடத் தனியாகப் படுத்ததில்லை. இங்கே தனியாகப் படுத்ததெல்லாம் அவள்தான். அழுகை வந்தது. இன்னும் ஐந்து இரவு இருந்தது.